மண்கரை கட்டியவர்களின் ஊர்: நிபோங் திபால், ஒரு நிகழ்வு ஆய்வு

நிபோங் திபால் கடைத்தெருவின் பின்பக்கம் இறங்கினால் கிரியான் ஆறு. ஒரு நேரம் பார்த்தால் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடும். ஆறு மணி நேரம் கழித்துப் போனால் அதே தண்ணீர் ஊரைப் பார்த்து ஏறிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டேன், ஆறு எப்படித் திரும்பி ஓடும் என்று. அவர் தோட்டத்தில் மதகு பார்த்தவர். “ஏத்தம் வந்தா கதவை மூடணும். வத்தம் வந்தா திறந்து விடணும். பிந்திட்டா உப்புத்தண்ணி உள்ள ஏறிடும், மரமெல்லாம் செத்துப்போகும்” என்றார். ஏத்தம் என்றால் கடல் பொங்கி ஏறும் நேரம், வத்தம் என்றால் அது வடியும் நேரம். கேட்டதற்குப் பதில் அது இல்லைதான். ஆனால் இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்று எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் கதவுதான் முதலில் கண்ணில் வருகிறது.

நிபோங் திபால் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கம், தென் செபராங் பிறை மாவட்டத்தில் இருக்கிறது. ஆற்றோடு கொஞ்சம் கிழக்கே போனால் வடகரையில் கெடாவின் பண்டார் பாரு, தென்கரையில் பேராக்கின் பாரிட் புந்தார். மூன்று மாநிலங்கள் ஒன்றையொன்று எட்டிப்பார்க்கும் மூலை. நிபுங் என்பது பாக்குமரம் போல நெடுநெடுவென்று வளரும் முள்மரம். சதுப்பு ஓரங்களில் கூட்டமாக நிற்கும். வைரம் பாய்ந்த தண்டு உப்புத்தண்ணீரில் சீக்கிரம் மக்காது, அதனால் வீட்டுக் காலுக்கும் மீன்பிடிக் கம்பத்துக்கும் அதைத்தான் வெட்டினார்கள். ‘திபால்’ என்றால் மலாயில் தடித்தது. ஊர்ப் பெயரே இது எப்படிப்பட்ட மண் என்று சொல்லிவிடுகிறது: பாதித் தண்ணீர், பாதிச் சேறு.

1800இல் மூடா ஆற்றுக்கும் கிரியான் ஆற்றுக்கும் இடைப்பட்ட கடலோரத்தைக் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கினார்கள். 1874 ஜனவரியில் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆற்றின் தென்கரையிலும் ஒரு துண்டு பினாங்கோடு சேர்ந்தது. அதற்கு டிரான்ஸ்கிரியான், அதாவது ‘கிரியானுக்கு அப்பால்’ என்று பெயர். இன்றும் அங்கே போகும் பஸ்காரர்களுக்கு அதுதான் பெயர். அந்தச் சொல்லுக்குள் ஓர் எல்லைத் தகராறு உறங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது.

கரும்பும் கரையும்

இந்தப் பக்கம் முதலில் கரும்பு போட்டவர்கள் சீனர்கள், குறிப்பாக பத்து காவான் பக்கத்துத் தியோச்சூ மக்கள். 1840களில் ஐரோப்பியர் வந்தார்கள். கலிடோனியா, விக்டோரியா, கோல்டன் குரோவ், பைராம், வால்டோர் என்று பெரிய பெரிய தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் கணிசமானவை பிறகு இங்கிலாந்தின் ராம்ஸ்டன் குடும்பத்தின் கைக்குப் போயின. கலிடோனியாவில் அவர்கள் இருந்த மாளிகையைத்தான் ஊரில் ‘99 கதவு வீடு’ என்கிறார்கள். பேய்க்கதை கேட்டு இப்போது இளைஞர்கள் கேமராவோடு அங்கே போகிறார்கள். எனக்கு அந்த வீட்டைவிட அதைச் சுற்றி இருக்கும் வாய்க்கால்கள்தான் முக்கியம்.

காரணம் இதுதான். இந்தக் கடலோர நிலம் பல இடங்களில் ஏற்றத் தண்ணீரின் மட்டத்தைவிடத் தாழ்வு. அப்படியே விட்டால் நாளுக்கு இரண்டு முறை உப்புத்தண்ணீர் வந்து போகும். கரும்பு நட வேண்டுமானால் முதலில் அலையாத்திக் காட்டை வெட்ட வேண்டும். அப்புறம் கடலோரமும் ஆற்றோரமும் மண்கரை எழுப்ப வேண்டும். உள்ளே மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க வாய்க்கால் வெட்டி, கரையில் மதகு வைத்து, வற்றும் நேரம் பார்த்துத் தண்ணீரை வெளியே விட வேண்டும். வெட்டிய வாய்க்கால் வடிகாலாகவும் இருந்தது, சாலையாகவும் இருந்தது. வெட்டிய கரும்பைத் தட்டைப் படகுகளில் ஏற்றி அதே வாய்க்கால் வழியே ஆலைக்குக் கொண்டுபோனார்கள்.

மண்வெட்டியும் கூடையும்தான் கருவி. இடுப்பளவு சேற்றில் நின்று அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம் என்று பல ஜில்லாக்காரர்கள். கப்பல் கூலியும் முன்பணமும் கடனாக எழுதப்பட்டு, அது தீரும்வரை ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டார்கள். வேலையை விட்டு ஓடினால் அது குற்றம், ஜெயில். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் எத்தனை பேரை அள்ளிக்கொண்டு போனது என்பதற்கு மண்ணுக்குள்தான் சாட்சி இருக்கிறது. தொழிலாளர் நிலை பற்றிக் காலனி அரசே 1890இல் ஒரு விசாரணைக் குழுவை அமைக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது.

கரும்புத் தோட்டத்தில் ஆளை இவ்வளவு இறுக்கிப் பிடித்ததற்குக் கரும்பின் குணமும் ஒரு காரணம். வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஓரிரு நாளில் சாறு புளித்துச் சர்க்கரை குறைந்துவிடும். வெட்டும் ஆளும், படகு தள்ளும் ஆளும், ஆலையில் கொப்பரைக்கு முன் நிற்கும் ஆளும் ஒரே சங்கிலி. ஒருவன் நின்றால் எல்லாமே நிற்கும். பருவத்தில் ஆலை ஓட ஆரம்பித்தால் ராத்திரி பகல் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு தொழிலில், போக விரும்பினால் போகலாம் என்ற உரிமை கூலிக்காரனுக்கு இருப்பது முதலாளிக்குப் பயம். ஆகவே ஒப்பந்தம், ஆகவே ஜெயில். நான் இதை நியாயப்படுத்தவில்லை. அந்தக் கொடுமை எந்த இயந்திரத்தின் தேவைக்காக வந்தது என்று தெரிந்தால்தான், இயந்திரம் மாறியபோது என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பார்க்க முடியும்.

1907இல் தமிழர் குடிவரவு நிதி ஏற்பட்டது. ஆள் எடுக்கும் செலவை எல்லா முதலாளிகளும் பொதுவில் கட்ட, வருகிறவர் தலையில் கப்பல் கடன் இல்லாமல் போனது. 1910இல் புதிய ஒப்பந்தக் கூலிமுறை தடைசெய்யப்பட்டது. அதே 1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் விலை ஒரு பவுண்டு எடைக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. கட்டுப்பட்ட ஆள் இல்லாமல் கரும்பு கட்டுப்படியாகாது. ரப்பரோ தங்கம் மாதிரி விலை போகிறது. சில ஆண்டுகளுக்குள் கரும்பு நின்ற இடமெல்லாம் பால்மரம் நின்றது. பினாங்கு சுகர் எஸ்டேட்ஸ் என்றிருந்த கம்பெனி பினாங்கு ரப்பர் எஸ்டேட்ஸ் ஆனது. கரை, வாய்க்கால், மதகு மூன்றும் அப்படியே இருந்தன. என் தாத்தா காத்தது கரும்புக்காரர்கள் விட்டுப்போன கதவைத்தான்.

டவுன் எப்போது டவுன் ஆனது

கரும்புக் காலத்தில் நிபோங் திபால் ஒரு படகுத்துறை. அரிசி, உப்பு, கருவாடு, துணி எல்லாம் ஆற்று வழியே வந்து இறங்கும். சர்க்கரை ஆற்று வழியே போகும். ரயில் வந்த பிறகு ஊரின் முகம் ஆற்றிலிருந்து திரும்பிவிட்டது. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தண்டவாளம் தொடர்ச்சியாக ஓடியது, நிபோங் திபால் அந்த வழியில் ஒரு நிலையம். ரப்பர் ஷீட்டு எடை குறைவு, கெட்டுப்போகாது, அடுக்கிக் கட்டி ரயிலில் ஏற்றினால் போதும். படகுத்துறை மெல்ல மீன்காரர்களின் இடமானது.

பால்மரம் கரும்பைப் போல ஒரு பருவத்தில் முட்டி மோதும் வேலை இல்லை. ஆண்டு முழுவதும், மழை இல்லாத ஒவ்வொரு விடியலிலும், ஒரே ஆள் ஒரே நிரையில் வெட்ட வேண்டும். காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டோடு பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. இந்த வேலைக்கு ஊர்விட்டு ஊர் போகும் ஒண்டிக்கட்டைகளைவிடக் குடும்பங்கள் தோது. அதனால் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடு நிலைத்தது, கோயில் நிலைத்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை வந்தது. மலாயாவின் 1923 தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கொட்டகையோ, கிராணியின், அதாவது தோட்டக் குமாஸ்தாவின், வீட்டுத் திண்ணையோ, ஏதோ ஒன்றில் தமிழ்ப் பள்ளி தொடங்கியது.

டவுன் இந்தக் குடும்பங்களை நம்பித்தான் பிழைத்தது. சம்பளம் போட்ட மறுநாள் கடைத்தெருவைப் பார்க்க வேண்டும். என் அம்மா சொல்வது இது: சைக்கிளில் அப்பா, முன் பாரில் தம்பி, பின்னால் அம்மா மடியில் நான். முதலில் மளிகைக்கடைப் புத்தகத்தில் இருக்கும் பாக்கி. அப்புறம் அடகுக்கடை, வைத்த தோடு திரும்புமா என்று பார்க்க. அப்புறம் துணிக்கடை, வாங்காவிட்டாலும் தொட்டுப் பார்க்க. கடைசியில் ஆற்றோரத்தில் மீன். செட்டியாரும் சீன முதலாளியும் மலாய் மீன்காரரும் மூன்று பேருமே சம்பளத் தேதியைத் தோட்டக் கிராணியைவிடச் சரியாக மனப்பாடம் வைத்திருந்தார்களாம். ஆனால் மாலையில் எல்லோரும் திரும்பத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். டவுனுக்குக் காசு கொடுத்தார்கள், டவுனில் ஒரு சுவர்கூட அவர்களுடையதில்லை. இந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான்.

ஜப்பான்காரன் காலமும் அதன் பிறகான குழப்பமும் எல்லாத் தோட்டங்களுக்கும் பொது. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனதை இங்கேயும் பழைய குடும்பங்கள் சொல்லும். 1948 ஜூனில், நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், கலிடோனியா மாளிகையில் ஜான் ராம்ஸ்டன் சுட்டுக் கொல்லப்பட்டார். துரைமார் காலம் அன்றே முடியவில்லை, ஆனால் இனி இது நிரந்தரம் என்ற நினைப்பு போய்விட்டது. 1950களில் பெரிய தோட்டங்களை வாங்கித் துண்டு போட்டு விற்கும் வியாபாரம் நாடு முழுக்கக் கிளம்பியது. துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலையும் போகும், லயமும் போகும். அதைத் தடுக்கத்தான் 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்து பத்து வெள்ளியாக, அதாவது டாலராக, சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். 1969க்குப் பிறகு கண்டிப்பாக அமலான வேலை அனுமதிச் சட்டம் இன்னொரு அடி. குடியுரிமைக் காகிதம் இல்லாத பலர் ஊருக்கே திரும்பிப் போனார்கள். பிறந்த மண்ணை விட்டுவிட்டுப் பார்த்தேயிராத ஒரு ‘சொந்த ஊருக்கு’.

காகிதம்

1975இல் இங்கே ஒரு காகித ஆலை வந்தது: நிபோங் திபால் பேப்பர் மில். ‘பிரீமியர்’ என்ற பெயரில் மலேசிய வீடுகளில் இருக்கும் டிஷ்யூ அங்கிருந்து வருவதுதான். நாடு முழுவதும் சாப்பாட்டு மேசையில் இருக்கும் ஒரு பொருள் நம் ஊரில் உருளுகிறது என்பது சின்ன வயதில் எங்களுக்கு ஒரு பெருமை.

ஆலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் ஆற்றங்கரை ஊருக்கும் காகிதத்துக்கும் உள்ள ஒட்டு புரியும். பழைய காகிதத்தைப் பெரிய தொட்டியில் தண்ணீரோடு போட்டுக் கடைந்து கூழாக்குவார்கள். கம்பி, பிளாஸ்டிக் எல்லாம் சலித்து, மையைக் கழுவி எடுப்பார்கள். அந்தக் கூழ் கிட்டத்தட்ட மோர் மாதிரி, நூற்றில் ஒரு பங்குகூட நார் இருக்காது, மீதி எல்லாம் தண்ணீர். ஓடும் வலைமேல் அதைப் பாய்ச்சி, தண்ணீரை வடித்து, நீராவியால் சூடான ஒரு மாபெரும் இரும்பு உருளைமேல் ஒட்டவைத்துக் காயவைப்பார்கள். ஒரு கத்தி அதைச் சுரண்டி எடுக்கும். டிஷ்யூவில் இருக்கும் அந்த மெல்லிய சுருக்கம் அந்தச் சுரண்டலில் வருவது. மண்கரை கட்டித் தண்ணீரை வெளியே தள்ளிப் பிழைத்த ஊர், ஒரு நூற்றாண்டு கழித்துத் தண்ணீரைச் சேர்த்து, வடித்து, ஆவியாக்கிப் பிழைக்கத் தொடங்கியது.

காகித ஆலை தனியாக வரவில்லை. 1972இல் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தீர்வையற்ற தொழில் வட்டாரம் திறந்தது, பிறையிலும் தொழிற்சாலைகள் பெருகின. மின்னணுத் தொழிற்சாலை பஸ்கள் விடியலில் தோட்டத்து முனைக்கே வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பக்கத்து லயத்து அக்கா ஒருவர் சீருடையோடு அந்தப் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதே நேரம் அவருடைய அம்மா தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு, கையில் பால்வாளியோடு எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பஸ் வந்துவிட்டது.

இன்னொரு பக்கம் பால்மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்ப்பனை நட்டார்கள். பால்மரத்துக்கு அன்றாடம் ஆள் வேண்டும், பனைக்குச் சில வாரங்களுக்கு ஒரு சுற்று போதும். ஏக்கருக்கு வேண்டிய கைகள் குறைந்தன. குறைந்த கைகளையும் பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்து நிரப்பினார்கள். நம் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனதால் தோட்டத்தில் ஆள் இல்லாமல் போனதா, தோட்டத்தில் கூலி ஏறாததால் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்களா என்று கேட்பார்கள். நான் பார்த்தவரை இரண்டாவதுதான். போக வழி கிடைத்த அன்றே எல்லோரும் போனார்கள்.

நிலத்தின் விலை

2001இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இங்கே வந்தது. மாணவர் விடுதி, சாப்பாட்டுக்கடை, வாடகை வீடு என்று ஊர் வேறு மாதிரி நகர்ந்தது. 2014 மார்ச்சில் பத்து காவானிலிருந்து தீவுக்கு 24 கிலோமீட்டர் நீளமான இரண்டாவது பாலம் திறந்தது. அதே காலத்தில் ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை மின்சார இரட்டைத் தண்டவாளமும் முடிந்தது. தீவில் வீடு வாங்க முடியாதவர்கள் இந்தப் பக்கம் பார்த்தார்கள். ஒரு காலத்தில் உப்புத்தண்ணீர் ஏறாமல் கூடையில் மண் சுமந்து மீட்ட நிலம் சதுர அடிக் கணக்கில் விலை போனது.

அந்த விலையில் மண் சுமந்தவர்களின் வாரிசுகளுக்கு எவ்வளவு பங்கு? இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பல குடும்பங்களுக்கும் நடந்தது இதுவே. நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியபோது லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. மூன்று தலைமுறை இருந்த வீடு, ஆனால் சட்டப்படி அது வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அப்பாவின் கையில் இருந்தது ஊழியர் சேமநிதிப் பணம் மட்டும். அதை எடுத்து முன்பணம் கட்டி ஒரு குறைந்த விலை வீடு வாங்கினோம். அடுத்தடுத்து ஒட்டிய வரிசை வீடு, பின்னால் கோழி வளர்க்க இடமில்லை, அம்மா முருங்கைக் கிளையை ஒரு பெயிண்ட் டப்பாவில் நட்டுவைத்தார். ஓய்வு காலத்துக்கு வைத்த பணம் சுவராகிவிட்டதால் அப்பா அறுபது வயதில் காவலாளி வேலைக்குப் போனார்.

நிபோங் திபாலின் வளர்ச்சியில் எனக்குக் கோபம் இல்லை. ஆலையும் பாலமும் வளாகமும் நல்லவை, என் பிள்ளைகள் அவற்றால்தான் படித்து வேலைக்குப் போகிறார்கள். என் வாதம் ஒன்றே: வீட்டை வேலையோடு கட்டிப்போட்ட முறைதான் கரும்புக் காலத்திலிருந்து மாறாமல் வந்த ஒரே சங்கிலி. ஒப்பந்தம் போனது, ஆள் பிடித்து வந்து மேய்த்த கங்காணி போனார், 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது, துரை போனார், கரும்பும் ரப்பரும் போயின. லயம் மட்டும் அப்படியே இருந்தது. ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளியாகத் தவணை கட்டித் தோட்டத்து ஓரத்திலேயே ஒரு துண்டு நிலம் வாங்க அப்போதே வழிசெய்திருந்தால், பாலம் திறந்த அன்று எங்களிடமும் விற்கவோ விற்காமல் வைத்துக்கொள்ளவோ ஏதாவது இருந்திருக்கும்.

பள்ளிகளின் கதையும் இதேதான். பினாங்கில் 28 தமிழ்ப் பள்ளிகள். இந்த மாவட்டத்தில் பலவற்றின் பெயர்ப்பலகையில் இன்னும் ‘லாடாங்’, தோட்டம், என்ற சொல் இருக்கிறது. சுற்றிலும் தோட்டமே இல்லாத இடத்திலும் இருக்கிறது, பிள்ளைகள் வரிசை வீடுகளிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள். பள்ளி நிற்கும் நிலம் தனியாருடையது என்றால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கும், கட்டடத்துக்கு ஊரார் கைநீட்ட வேண்டும். நிலப்பட்டா பள்ளியின் பேருக்கு வந்துவிட்டால் பேச்சே வேறு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வர்ணம் பூசுவது பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம், பட்டா பற்றிப் பேசப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை. இதைத் திருப்பிப் போட வேண்டும்.

ஆற்றின் இன்றைய நிலை

தீவும் பெருநிலமும் சேர்ந்து கொட்டும் குப்பை பைராம் பக்கத்துப் புலாவ் பூரோங் குப்பைக்கிடங்குக்குத்தான் வருகிறது. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது, பக்கத்துக் குடும்பங்கள் இடம் மாற வேண்டியிருந்தது. ஒரு மாநிலத்தின் வளர்ச்சிக்குப் பின்வாசல் எங்கே என்று அந்தப் புகை காட்டிக்கொடுத்தது. எங்கள் வீட்டில் துணி காயப்போட முடியவில்லை, அம்மா ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி சொருகி வைத்தார்.

அதே கடலோரத்தில்தான் கிரியானின் மின்மினிகளும் இருக்கின்றன. பெரெம்பாங் என்ற அலையாத்தி மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் மின்னும் இனம். படகில் கூட்டிப்போகிறார்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருட்டில் மிதக்கும்போது ஒரு மரம் முழுக்க எரிந்து அணைவதைப் பார்த்தால் பேச்சு வராது. அவற்றின் புழுக்கள் கரையோரச் சேற்றில் நத்தை தின்று வளர்கின்றன. ஆகவே மரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதாது, சேறும் வேண்டும், ஏற்றமும் வற்றமும் தங்குதடையில்லாமல் வேண்டும். கரையைச் சிமென்டால் மூடினால் மின்மினி போய்விடும். மாநகர் மன்றம் ஆற்றோரத்துக்கு அடுத்த திட்டம் போடும்போது அந்தச் சேற்றை ஒரு சொத்தாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மீன்காரர்கள், படகுக்காரர்கள், எங்களைப் போன்ற பழைய தோட்டத்துக் குடும்பங்கள் என்று கையெழுத்து சேர்கிறது.

போன மாதம் தாத்தாவின் மதகைத் தேடிப் போனேன். பழைய மரக்கதவு இல்லை. அரசின் வடிகால் நீர்ப்பாசன இலாகா இரும்புக் கதவு போட்டிருக்கிறது, மோட்டார் வைத்து. மண்கரை அப்படியே இருக்கிறது, மேலே தார் போட்டு மோட்டார் சைக்கிள் போகிறது. பையன் ஒருவன் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். இப்போது ஏற்றமா வற்றமா என்று கேட்டேன். தண்ணீரைப் பார்க்காமலே சொன்னான்: “ஏத்தம், அங்கிள். இன்னும் ஒரு மணி நேரத்துல மூடுவாங்க.”